நாளைக்கு ஆறு எவ்வளவு உயரும்?

கிளந்தான் மாநிலத்தின் கோலக் கிராய் நகரில், ஆற்றை நோக்கி இறங்கும் நீண்ட படிக்கட்டு ஒன்று இருக்கிறது. அதைத் தங்கா கிராய் என்று அழைப்பார்கள். பெயரே சொல்வது போல் அது வெறும் படிக்கட்டுதான். ஆனால் ஆண்டு இறுதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், அந்தப் படிக்கட்டு ஊருக்கே அளவுகோலாக மாறிவிடும். எத்தனை படி மூழ்கிவிட்டது, இன்னும் எத்தனை படி மிச்சம் என்று மக்கள் வந்து பார்த்துப் போவார்கள்.

அங்கே வடிகால் நீர்ப்பாசனத் துறையின் (ஜே.பி.எஸ்.) அளவு நிலையமும் உண்டு. நீர்மட்டம் 25 மீட்டரைத் தொட்டால் அது அபாய நிலை. 2014ஆம் ஆண்டு டிசம்பரில் அங்கே நீர்மட்டம் 34 மீட்டரையும் தாண்டியது. அபாயக் கோட்டுக்கு மேல் ஏறக்குறைய மூன்று மாடி உயரத்துக்குத் தண்ணீர்! நாடு முழுவதும் 200,000க்கும் அதிகமானோர் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. சேறு கலந்து மஞ்சளாக ஓடிய அந்த வெள்ளத்தைக் கிளந்தான் மக்கள் 'பா கூனிங்', அதாவது மஞ்சள் வெள்ளம், என்று இன்றும் சொல்கிறார்கள்.

படிக்கட்டைப் பார்த்தால் ஆறு இன்று எங்கே இருக்கிறது என்று தெரியும். ஆனால் தாத்தா பாட்டியை அழைத்துக்கொண்டு நிவாரண மையத்துக்குப் போவதா, பள்ளிப் புத்தகங்களை மேல்மாடிக்கு ஏற்றுவதா என்று முடிவெடுக்க வேறொரு கேள்விக்கு விடை வேண்டும்: நாளைக்கு ஆறு எவ்வளவு உயரும்? இன்று இந்தக் கேள்விக்கு விடை தேடும் கருவிகளில் ஒன்று செயற்கை நரம்பணு வலை. அது எப்படிக் கணிக்கிறது, எந்த இடத்தில் தடுமாறும் என்று இந்த வாரம் பார்ப்போம்.

விழும் மழை எல்லாம் ஆற்றுக்குப் போவதில்லை

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 1 மி.மீ. மழை பெய்தால் விழும் நீரின் அளவு 1,000 கன மீட்டர். கிளந்தான் ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி ஏறத்தாழ 13,000 சதுர கிலோமீட்டர். அந்தப் பகுதி முழுவதும் 100 மி.மீ. மழை பெய்தால் 130 கோடி கன மீட்டர் நீர் விழும். இது ஐந்து லட்சத்துக்கும் அதிகமான ஒலிம்பிக் நீச்சல் குளங்களை நிரப்பப் போதுமானது.

இந்த நீர் முழுவதும் ஆற்றுக்கு வந்து சேராது. ஒரு பகுதி இலைகளிலேயே தங்கி ஆவியாகிவிடும். இன்னொரு பகுதியை மண் உறிஞ்சிக்கொள்ளும். அதில் கொஞ்சத்தை வேர்கள் குடிக்கும். கொஞ்சம் நிலத்தடிக்கு இறங்கும். எஞ்சியது சரிவில் வழிந்து ஓடைகளில் சேர்ந்து ஆற்றை அடையும். இதைத்தான் வழிந்தோடும் நீர் என்கிறோம்.

எவ்வளவு எஞ்சும் என்பது மண்ணைப் பொறுத்தது. பாத்திரம் கழுவும் பஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பஞ்சின் மேல் ஒரு குவளை நீரை ஊற்றினால் பெரும்பாலும் அதற்குள்ளேயே நின்றுவிடும். ஏற்கெனவே ஊறிப்போன பஞ்சின் மேல் அதே ஒரு குவளையை ஊற்றினால் அத்தனையும் மேசைமேல் ஓடும். மலைச்சரிவும் அப்படித்தான். மழைக்காலத் தொடக்கத்தில் பெய்யும் 40 மி.மீ. மழைக்கு ஆறு அசையாமல் இருக்கலாம். பத்து நாள் அடைமழைக்குப் பிறகு வரும் அதே 40 மி.மீ. மழைக்கு அது கரையைத் தாண்டலாம்.

ஆகவே, இன்று எவ்வளவு மழை பெய்தது என்று தெரிந்தால் மட்டும் போதாது. கடந்த பல வாரங்களில் என்ன நடந்தது என்பதும் தெரிய வேண்டும். ஆற்றுக்கு நினைவு உண்டு என்று நீரியலாளர்கள் சொல்வது இதனால்தான்.

கணிப்பதற்கு இரண்டு வழிகள்

முதல் வழி இயற்பியல் வழி. உள்ளே வந்த நீர், வெளியே போன நீர், தங்கிய நீர் ஆகிய மூன்றும் கணக்கில் ஒத்துப்போக வேண்டும். சரிவின் கோணம், மண்ணின் ஆழம், ஆற்றின் அகலம், படுகையின் வடிவம் எல்லாவற்றையும் அளந்து, சமன்பாடுகளில் போட்டு, கணினியில் ஓட்டுவார்கள். உலகின் பெரும்பாலான வெள்ள எச்சரிக்கை மையங்கள் இப்படித்தான் வளர்ந்தன. இந்த வழியில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பொருள் உண்டு. ஆனால் காட்டுக்குள் ஒவ்வொரு சரிவிலும் மண் எவ்வளவு ஆழம் என்று யார் போய் அளப்பது?

இரண்டாவது வழி, பழைய பதிவுகளிலிருந்து கற்றுக்கொள்வது. இவ்வளவு மழை பெய்தபோது ஆறு இவ்வளவு உயர்ந்தது என்ற பதிவு பல ஆண்டுகளுக்கு இருந்தால், இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கணினியே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுவது. நரம்பணு வலை இந்த வழியைச் சேர்ந்தது. மூளையின் நரம்பணுவைக் கணித வடிவில் எழுதும் முயற்சி 1943ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. அடுக்கடுக்கான வலைகளுக்குப் பயிற்சி தரும் முறை 1986ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வுக்குப் பிறகு பரவலானது. அதை எழுதியவர்களில் ஒருவரான ஜெஃப்ரி ஹிண்டன் 2024ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஒரே ஒரு நரம்பணுவைப் பழக்குவோம்

வலை என்ற பெயர் பெரிதாக இருந்தாலும், அதற்குள் நடக்கும் வேலை பெருக்கலும் கூட்டலும்தான். தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கற்பனையாக ஒரு சிற்றாறு. இன்றைய நீர்மட்டம் 2 மீட்டர். இன்று மலையில் 40 மி.மீ. மழை பெய்தது. 10 மி.மீ.யை ஓர் அலகாக எடுத்தால் மழை 4 அலகு. நம் நரம்பணு ஒவ்வோர் எண்ணையும் ஓர் எடையால் பெருக்கி, இரண்டையும் கூட்டி, நாளைய மட்டத்தைச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் எடைகள் வெறும் ஊகம். மழைக்கு 0.1, மட்டத்துக்கு 0.9 என்று வைப்போம்.

0.1 × 4 + 0.9 × 2 = 0.4 + 1.8 = 2.2 மீட்டர்.

பதிவேட்டைத் திறந்து பார்த்தால், மறுநாள் உண்மையில் 3.2 மீட்டர். பிழை 1.0. இனி எடைகளைத் திருத்த வேண்டும். விதி எளிது: பிழையை உள்ளே வந்த எண்ணால் பெருக்கி, அதில் ஒரு சிறு பங்கை மட்டும் எடையோடு கூட்ட வேண்டும். அந்தப் பங்கை 0.02 என்று கொள்வோம்.

மழையின் எடை: 0.1 + (0.02 × 1.0 × 4) = 0.18
மட்டத்தின் எடை: 0.9 + (0.02 × 1.0 × 2) = 0.94

மீண்டும் கணித்தால், 0.18 × 4 + 0.94 × 2 = 2.6 மீட்டர். பிழை 1.0இலிருந்து 0.6 ஆகக் குறைந்துவிட்டது. இன்னொரு முறை திருத்தினால் 0.36 ஆகும். நீங்களே செய்து பாருங்கள்.

பெரிய எண்ணை அனுப்பிய மழைக்கு எடையும் அதிகமாகத் திருத்தப்பட்டதைக் கவனித்தீர்களா? தவற்றுக்கு அதிகக் காரணமானது அதிகம் மாறுகிறது. இப்படி ஆயிரக்கணக்கான நாள்களின் பதிவைத் திரும்பத் திரும்பக் காட்டினால், எந்த ஒரு நாளுக்கும் மட்டும் பொருந்தாமல் பொதுவாக எல்லா நாளுக்கும் ஒத்துவரும் எடைகளில் நரம்பணு போய் நிற்கும். இதுதான் பயிற்சி. உண்மையான வலையில் இத்தகைய நரம்பணுக்கள் நூற்றுக்கணக்கில் அடுக்கடுக்காக இருக்கும். ஓர் அடுக்கின் விடை அடுத்த அடுக்குக்கு உள்ளீடாகப் போகும். இடையில் நேர்கோட்டை வளைக்கும் ஒரு சார்பும் இருக்கும். அந்த வளைவு இல்லாவிட்டால், காய்ந்த மண்ணில் ஒரு விதமாகவும் ஊறிய மண்ணில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும் ஆற்றை வலையால் பிடிக்க முடியாது.

வலைக்கும் நினைவு வேண்டும்

நம் சிறு நரம்பணுவுக்கு இன்றைய மழை மட்டுமே தெரியும். போன வாரம் முழுவதும் மழை பெய்து பஞ்சு ஊறிவிட்டது என்பது அதற்குத் தெரியாது. இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் எல்.எஸ்.டி.எம். எனப்படும் நினைவு வலை. 1997ஆம் ஆண்டு ஹோக்ரைட்டரும் ஷ்மிடுபரும் இதை வெளியிட்டார்கள்.

இதை ஒரு தண்ணீர்த் தொட்டி போல எண்ணுங்கள். தொட்டிக்கு மூன்று மடைகள். புதிதாக வந்த செய்தியில் எவ்வளவை உள்ளே சேர்ப்பது என்று ஒரு மடை பார்த்துக்கொள்ளும். பழையதில் எவ்வளவை மறப்பது என்பது இன்னொரு மடையின் வேலை. இப்போதைய கணிப்புக்கு எவ்வளவை வெளியே விடுவது என்று மூன்றாவது மடை தீர்மானிக்கும். எந்த மடையை எப்போது எவ்வளவு திறக்க வேண்டும் என்பதையும் வலை பயிற்சியிலிருந்தே கற்றுக்கொள்கிறது.

மழையைச் சேர்ப்பது, மெதுவாக இழப்பது, மிச்சத்தை ஆற்றுக்கு விடுவது என்று மலைச்சரிவு செய்யும் வேலையும் இதேதான். அதனால் இந்த வலை ஆறுகளுக்கு நன்றாகப் பொருந்தியது. 2018ஆம் ஆண்டு ஆஸ்திரியாவிலிருந்த பிரெடரிக் கிராட்சர்ட்டும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் 241 நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் இதைச் சோதித்தார்கள். பனி விழும் ஒரு பகுதியில் வலையின் நினைவறை ஒன்றைத் திறந்து பார்த்தபோது அவர்கள் வியந்தார்கள். குளிர்காலத்தில் அந்த அறையின் மதிப்பு ஏறிக்கொண்டே போய், வெப்பம் வந்ததும் இறங்கியது. மலையில் பனி சேர்ந்து உருகுவதைப் போலவே! பனி என்று ஒன்று இருப்பதாக யாரும் அதற்குச் சொல்லவில்லை. வெப்பநிலையையும் மழையளவையும் ஆற்றின் ஓட்டத்தையும் பார்த்தே அது அதைக் கண்டுகொண்டது.

சோம்பேறிக் கணிப்பாளர்

இனி, ஒரு கணிப்பை எப்படிச் சோதிப்பது என்று பார்ப்போம். எஸ்.பி.எம். தேர்வுக்குக் கடந்த ஆண்டு வினாத்தாள்களை மட்டும் மனப்பாடம் செய்த மாணவர், அதே கேள்விகள் வந்தால் முழு மதிப்பெண் வாங்குவார். கேள்வி மாறினால் விழிப்பார். நரம்பணு வலையும் பயிற்சிப் பதிவை அப்படியே மனப்பாடம் செய்துவிடக்கூடும். எனவே சில ஆண்டுகளின் பதிவை அதன் கண்ணில் காட்டாமல் எடுத்து வைத்து, பயிற்சி முடிந்த பிறகு அந்த ஆண்டுகளில் சோதிப்பார்கள்.

அதிலும் ஒரு பொறி இருக்கிறது. 'நாளைக்கும் இன்றைய மட்டமே இருக்கும்' என்று தினமும் சொல்லும் ஒரு சோம்பேறியைக் கற்பனை செய்யுங்கள். நூறு நாளில் 97 நாள் ஆறு அமைதியாக இருக்கிறது. அந்த நாள்களில் அவருடைய பிழை வெறும் 0.1 மீட்டர். மீதி மூன்று நாள் வெள்ளம். அப்போது பிழை 3 மீட்டர். மொத்தப் பிழை 9.7 + 9 = 18.7. சராசரி 0.19 மீட்டர்கூட இல்லை. 'சராசரிப் பிழை 19 செ.மீ. மட்டுமே' என்று அவர் பெருமையாக அறிக்கை எழுதலாம்! ஆனால் மக்களுக்குத் தேவைப்பட்ட அந்த மூன்று நாளும் அவர் தவறிவிட்டார்.

நேற்றைய நீர்மட்டத்தை உள்ளீடாகக் கொடுத்த வலை, எதையும் கற்காமல் அந்த எண்ணையே பிரதி எடுத்துக் கொடுத்துவிடலாம். வரைபடத்தில் பார்த்தால் உண்மைக் கோடும் கணிப்புக் கோடும் அழகாகப் பொருந்தியிருக்கும். உற்றுப் பார்த்தால்தான் கணிப்பு ஒரு நாள் தாமதமாக வருவது தெரியும். அதனால் ஒரு வலையைப் பாராட்டுவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். சோம்பேறியை எவ்வளவு தூரம் வென்றது? வெள்ள நாள்களில் என்ன செய்தது?

காணாத வெள்ளம்

பழைய பதிவிலிருந்து கற்கும் எதற்கும் ஒரு பலவீனம் உண்டு. பதிவில் இல்லாததை அது பார்த்ததே இல்லை. தங்கா கிராயில் 2014ஆம் ஆண்டு வந்த நீர்மட்டம், அதற்கு முன் பெரிய வெள்ளமாகப் பேசப்பட்ட 1967ஆம் ஆண்டின் மட்டத்தையும் மிஞ்சியது. 2013 வரையிலான பதிவில் மட்டும் பயின்ற ஒரு வலை அந்த வாரத்தை எப்படிக் கணித்திருக்கும்?

எல்.எஸ்.டி.எம். வலையில் இந்தச் சிக்கலை எண்ணால் காட்டலாம். அதன் ஒவ்வொரு நினைவறையும் வெளியே விடும் மதிப்பு −1க்கும் +1க்கும் இடையில்தான் இருக்க முடியும். அந்த மதிப்புகளை நிலையான எடைகளால் பெருக்கிக் கூட்டித்தான் விடை வருகிறது. ஆகவே பயிற்சி முடிந்ததும் வலையின் தலைக்கு மேல் ஒரு கூரை போடப்பட்டுவிடுகிறது. வானமே பிளந்து கொட்டினாலும் அந்தக் கூரைக்கு மேல் உள்ள எண்ணை அது சொல்லாது.

இதற்காக வலைகளை ஒதுக்கிவிடவும் முடியாது. மிகப் பெரிய வெள்ளங்களைப் பயிற்சியிலிருந்து வேண்டுமென்றே மறைத்துவிட்டுச் சோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2022இல் வெளிவந்தது. அதில் நினைவு வலை பழைய வகை மாதிரிகளைவிட மோசமாகச் செய்யவில்லை. காணாத வெள்ளம் எல்லா முறைகளுக்குமே கடினமான தேர்வுதான்.

இன்னொரு சிக்கல், ஆறும் மாறிக்கொண்டே இருப்பது. காடு இருந்த சரிவில் தோட்டம் வந்தால், வயல் இருந்த இடத்தில் குடியிருப்பும் தார்ச்சாலையும் வந்தால், பஞ்சே மாறிவிடுகிறது. முப்பது ஆண்டுக்கு முந்தைய பதிவு வேறோர் ஆற்றைப் பற்றிய பதிவு போல ஆகிவிடும்.

இதற்கு ஆய்வாளர்கள் கண்ட நல்ல வழி, ஓர் ஆற்றிடம் மட்டும் பாடம் கேட்காமல் இருப்பது. ஓர் ஆறு காணாத வெள்ளத்தை எங்கோ இன்னோர் ஆறு கண்டிருக்கும். 2024ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளிவந்த கூகுள் குழுவின் ஆய்வில், உலகெங்கும் உள்ள 5,680 அளவு நிலையங்களின் பதிவுகளை ஒரே வலைக்குக் காட்டினார்கள். சில நிலையங்களின் பதிவைப் பயிற்சியில் காட்டாமல் மறைத்து, அளவு நிலையமே இல்லாத ஆறுகளைப் போலக் கொண்டும் அதைச் சோதித்தார்கள். பெருவெள்ளங்களை ஐந்து நாள் முன்னதாக அது சொன்ன கணிப்பு, ஐரோப்பாவின் உலகளாவிய வெள்ள அமைப்பு அதே நாளுக்குத் தரும் மதிப்பீட்டுக்கு நிகராகவோ மேலாகவோ இருந்தது.

கடைசி முடிவு யாருடையது?

ஐந்து நாள் முன்னறிவிப்பு பெரிய ஆறுகளுக்குக் கைகொடுக்கும். நகரங்களின் கதை வேறு. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெய்த மழையில், ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா போன்ற இடங்களில் பலருக்குக் காரை நகர்த்தக்கூட நேரம் கிடைக்கவில்லை. சிமெண்டும் தாரும் மூடிய நிலத்தில் நீர் உறிஞ்சப்படுவதில்லை. கால்வாய்கள் சில மணி நேரத்தில் நிரம்பிவிடும். அங்கே ஆற்றைக் கணிப்பதற்கு முன் மழையைச் சரியாகக் கணிக்க வேண்டும். மழைக் கணிப்பு தவறினால், மிகச் சிறந்த வலையும் தவறான விடையைத்தான் தரும்.

கணிப்பு கிடைத்த பிறகும் ஒரு மனிதர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. 'அபாய மட்டத்தைத் தாண்ட 40 விழுக்காடு வாய்ப்பு' என்று கணினி சொல்கிறது. சைரனை ஒலிக்கலாமா? ஒலித்து வெள்ளம் வராவிட்டால், அடுத்த முறை மக்கள் நம்ப மாட்டார்கள். ஒலிக்காமல் விட்டு வெள்ளம் வந்துவிட்டால் உயிர் போகும். எந்தத் தவறு பெரியது என்று எடைபோடுவது கணினியின் வேலை அல்ல. அதைச் செய்ய வேண்டியவர்கள் அதிகாரிகளும் ஊர்மக்களும்தான். உங்களைப் போன்றவர்கள் கணிப்பு எப்படிப் பிறக்கிறது என்று புரிந்து வைத்திருந்தால், '40 விழுக்காடு' என்ற சொல்லைக் கேட்டதும் பதறாமலும் அலட்சியம் செய்யாமலும் இருப்பீர்கள்.

தங்கா கிராயில் நள்ளிரவு மழையிலும் பதிவாகும் ஒவ்வொரு நீர்மட்டமும் நாளைய வலைக்கு ஒரு பாடம். பதிவு விட்டுப்போன நாளை எந்த வலையாலும் கற்க முடியாது.

செய்து பாருங்கள்

1. ஜே.பி.எஸ். துறையின் 'இன்ஃபோ பஞ்சிர்' இணையத்தளத்தில் உங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள ஆற்று நிலையத்தைத் தேடுங்கள். இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் ஆகிய நான்கு நிலைகளுக்கும் அங்கே எத்தனை மீட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. ஒரு மாதத்துக்கு, தினமும் ஒரே நேரத்தில் நீர்மட்டத்தையும் அன்றைய மழையளவையும் எழுதி வையுங்கள்.

3. முதல் 20 நாள்களைப் பயிற்சிக்கு வைத்து, மேலே சொன்ன முறையில் இரண்டு எடைகளைத் திருத்திப் பாருங்கள். விரிதாள் செயலி இருந்தால் வேலை எளிது. உங்கள் நிலையத்தின் மட்டம் பத்து, இருபது மீட்டர் என்று பெரிய எண்ணாக இருந்தால், அதன் இயல்பு மட்டத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்துங்கள்; இல்லாவிட்டால் திருத்தங்கள் அளவுக்கு மீறிப் போய்விடும்.

4. மீதி நாள்களில் உங்கள் நரம்பணுவையும் சோம்பேறிக் கணிப்பாளரையும் மோதவிடுங்கள். மட்டம் அதிகம் மாறிய நாள்களைத் தனியாக ஒப்பிட மறக்காதீர்கள்.

அளவுகளை இணையத்தளத்திலிருந்து மட்டுமே எடுங்கள். மழை நேரத்தில் ஆற்றங்கரைக்கோ கால்வாய் ஓரத்துக்கோ போய் அளக்க வேண்டாம். உங்கள் நரம்பணு சோம்பேறியிடம் தோற்றாலும் வருந்தாதீர்கள். எந்த நாளில் தோற்றது, அன்று மண் எப்படி இருந்தது என்று தேடிப் பாருங்கள். அந்த விடைதான் உங்கள் அடுத்த உள்ளீடு.